ஆறு எப்போதும் வலப்பக்கம்: லோத், செலே பாதை படிந்துவிட்டது

தென்மேற்கு பிரான்ஸின் லோத், செலே ஆறுகளை ஒட்டிக் காரோட்ட நான் போட்ட பாதை நினைத்த மாதிரியே வந்துவிட்டது. காஓரில் கிளம்பி ஃபிஜாக் போய்ச் சேரும்வரை, சான்-சீர்-லபோபி பக்கம் ஒரு சின்னத் துண்டைத் தவிர, ஆறு காருக்கு வலப்பக்கமாகவே வந்தது. போன வாரம் ஓட்டியும் பார்த்தாயிற்று. இந்த இரண்டு பள்ளத்தாக்கையும் ஒரே மூச்சில் பார்க்க இதைவிட நல்ல வரிசை இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

வலப்பக்கம் ஏன் என்று காரோட்டிகளுக்கு விளக்க வேண்டாம். பிரான்ஸில் நம் தடமே ஆற்றோரத் தடமாகிவிடும். எதிரே வரும் லாரி பார்வையை மறைக்காது. வண்டியை ஒதுக்கி நிறுத்த எதிர்த்தடத்தைக் கடக்க வேண்டாம். அதனால் முதலில் சாலை எந்தக் கரையில் ஓடுகிறது என்றுதான் பார்க்கிறேன். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வலக்கரை, இடக்கைப் பக்கம் இடக்கரை. வலக்கரைச் சாலை என்றால் நீரோட்டத்துக்கு எதிராக ஏறிப் போக வேண்டும். இடக்கரைச் சாலை என்றால் ஆற்றோடு இறங்கி வர வேண்டும். லோத்தின் டி662 (டி என்று தொடங்குபவை மாவட்டச் சாலைகள்) வலக்கரை, ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே. ஆர்தேஷ் ஆற்றின் டி290 இடக்கரை, ஆகவே வலோன்-போன்-தார்க்கில் தொடங்கி சான்-மார்த்தான் வரை கீழ்நோக்கி. இதை முடிவு செய்யாமல் ஊர்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தால் வேலை இரட்டிப்பாகும்.

கரை முடிவானதும் அசல் தலைவலி தொடங்குகிறது: இடைப்புள்ளிகள், அதாவது பாதை இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று செயலியின் வரைபடத்தில் நாம் வைக்கும் புள்ளிகள். வழி சொல்லும் செயலிகளுக்கு அழகு தெரியாது, நிமிடம்தான் தெரியும். காஓரிலிருந்து வேர் என்ற ஊர் வரை டி653இல் ஒழுங்காக வரும். அங்கே டி653 லோத்தை விட்டுப் பிரிகிறது. கொஞ்சம் கண்ணயர்ந்தால் செயலியும் அதோடு பீடபூமிக்கு ஏறிவிடும். புள்ளி வைத்துத்தான் கீழே பிடித்து வைக்க வேண்டும். அதையும் ஊர்ப் பெயர்மேல் வைக்கக் கூடாது, வைத்தால் தேவாலயத்துச் சந்துவரை கூட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வரும். சந்திப்பின்மேலும் வைக்கக் கூடாது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே, கிளைச்சாலை எதுவும் இல்லாத துண்டில், வரைபடத்தை முழுக்கப் பெரிதாக்கி, சாலையின் கோட்டின்மேலேயே வைக்க வேண்டும். பள்ளத்தாக்கு குறுகலான இடத்தில் புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் எதிர்க்கரைச் சாலையில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே பாலம் தேடி ஒரு நீளச் சுற்று முளைக்கும். ஒவ்வொரு புள்ளி வைத்ததும் மொத்த தூரத்தைப் பார்ப்பது என் பழக்கம். திடீரென்று கூடினால் அந்தப் புள்ளி கரை மாறிவிட்டது என்று அர்த்தம்.

போட்ட பாதையைக் காரிலுள்ள வழிகாட்டிக் கருவிக்கு அனுப்பும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். பாதையைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பை ரூட்டாக, அதாவது இடைப்புள்ளிகளாக மட்டும், அனுப்பினால் கருவி தன் புத்தியைக் காட்டி மறுபடி கணக்குப் போடும். ட்ராக்காக, அதாவது முழுக் கோடாக, அனுப்பினால் நாம் போட்ட கோடு அப்படியே நிற்கும். நான் இனி ட்ராக் மட்டும்தான்.

இத்தனைக்கும் முன்னால் மிஷ்லின் காகித வரைபடம் கட்டாயம் வேண்டும். இந்தப் பகுதிக்கு 337ஆம் எண் வரைபடம். அழகான சாலைகளின் ஓரம் அவர்கள் போடும் பச்சைக்கோடு எந்தத் திரையிலும் கிடைக்காது. ஏற்றத்தைக் காட்டும் அம்புக்குறிகளும் அப்படித்தான். பத்திரிகைக் கடைகளில் கிடைக்கிறது, மறக்காமல் புதுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

சான்-சீர்-லபோபி இடக்கரையில், செங்குத்துப் பாறையின் மேல் இருக்கிறது. டி662இலேயே போனால் அதை எதிர்க்கரையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. எனக்கு அது போதாது. புஸியேஸில் பாலம் தாண்டி டி40இல் ஏறினால் பான்கூரல் காட்சிமுனை வரும். ஊரும் பாறையும் ஆற்று வளைவும் ஒரே பார்வையில் கிடைப்பது அங்கேதான். அப்புறம் ஊரைப் பார்த்துவிட்டு தூர்-த-ஃபோர் பக்கம் இறங்கி, மறுபடி டி662இல் மேற்கே சில கிலோமீட்டர் திரும்பி வந்து, கோந்துஷேயில் செலே பள்ளத்தாக்கின் டி41ஐப் பிடிக்க வேண்டும். ஆறு இடப்பக்கம் வருவது இந்தச் சுற்றில் மட்டும். பான்கூரலுக்காக அதைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

செலே ஆறு லோத்தைவிடச் சின்னது, கூட்டமும் குறைவு. காப்ரெரேயில் பாறைச்சுவரோடு ஒட்டிக் கட்டிய பழைய கோட்டையின் சிதைவு சாலையிலிருந்தே தெரியும். ஊருக்கு மேலே ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள பெஷ்-மேர்ல் குகை, 1922இல் கண்டுபிடித்தது. புள்ளிக் குதிரைகளும் அவற்றைச் சுற்றி மனிதக் கை அச்சுகளும் இருக்கும் அசல் குகைக்குள்ளேயே இன்னும் விடுகிறார்கள். இதே மாதிரி ஓவியக் குகையான லாஸ்கோவை 1963இலேயே மூடிவிட்டார்கள், அங்கே இப்போது பார்ப்பது நகல். பெஷ்-மேர்லில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. முன்பதிவு நேரத்தை வைத்துத்தான் நாள் முழுவதையும் பின்ன வேண்டும். காலையில் கிழக்கே ஓட்டினால் வெயில் கண்ணில் குத்தும். அதனால் காலையைக் காஓரில், 14ஆம் நூற்றாண்டு வாலாந்த்ரே பாலத்தில் கழித்துவிட்டு மதியத்துக்குக் கிளம்புவது, குகைக்கு மாலைச் சீட்டு எடுப்பது என்று வைத்தேன். வெயில் முதுகுப் பக்கம் போனதும் சுண்ணாம்புப் பாறைகள் மஞ்சளாக ஒளிர்ந்தன. மார்சியாக்கின் இடிந்த மடாலயத்துக்கு மறுநாள் காலை.

இனி போகப்போகும் தார்ன் ஆற்று மலையிடுக்குக்கு 330ஆம் வரைபடம் வாங்கிவிட்டேன். டி907பிஸ் வலக்கரை, எனவே லெ ரோசியேயிலிருந்து சான்த்-எனிமி நோக்கி மேலே. நடுவே லே வீஞில் டி995 கொண்டையூசி வளைவுகளில் ஏறி புவான் சுப்லீம் காட்சிமுனை. அதற்கு முந்தின நாள் 343 மீட்டர் உயர மியோ பாலத்தை மேலே ஏறாமல் அடியிலிருந்து பார்க்க ஆசை.

ஆனால் அதற்கு முன் தோர்தோன் ஆற்றுப் பாதையைப் போட்டு முடித்தாக வேண்டும். பெனாக்கும் லா ரோக்-காஜாக்கும் வலக்கரை டி703இல், பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருக்கிக் கட்டிய ஊர்கள். ரோக்கமதூரிலிருந்து வருபவருக்கு அது ஆற்றோடு இறங்கும் திசை, ஆறு இடப்பக்கம் போய்விடும். எனவே சூயாக்கிலிருந்து ஆற்றை விட்டு விலகி சார்லா வழியாகப் போய், டி57இல் வெஸாக்கில் இறங்கி, பெனாக்கைப் பார்த்துத் திரும்பி, அங்கிருந்து மேல்நோக்கி லா ரோக்-காஜாக், பிறகு பாலம் தாண்டி தோம் என்று போட்டிருக்கிறேன். சூயாக், சார்லா நடுவே எந்தச் சாலை என்பதுதான் பாக்கி. 329ஆம் வரைபடத்தில் பச்சைக்கோடு ஓடும் சாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.