அன்னபெத்தின் பின்னல்

பெர்சி ஜாக்சன் நாவல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரில் நாயகி அன்னபெத்தாக லியா ஜெஃப்ரிஸ் நடிக்கிறார் என்று 2022 மே மாதம் அறிவித்தார்கள். நாவலில் அன்னபெத்துக்குப் பொன்னிற முடியாம். அதைச் சொல்லியே இணையத்தில் பலர் அந்தக் கறுப்பினச் சிறுமியைக் கரித்துக்கொட்டினார்கள். அப்போது அவளுக்கு 12 வயது! இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை. நாவலை எழுதிய ரிக் ரியோர்டனே அவள்தான் அன்னபெத் என்று அடித்துச் சொன்ன பிறகும் என்ன பேச்சு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இரண்டாம் முறையாகப் பார்க்கிறோம். முதுகு பிய்ந்து டேப் ஒட்டிய புத்தகம் மகளின் மடியில். பள்ளி நாடகத்தில் நிறத்தைக் காட்டித் தேவதை வேடம் மறுக்கப்பட்ட பிள்ளை அவள். நேற்றுப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஆயா, எனக்கும் இதேபோல் பின்னிவிடுங்கள்" என்றாள். என் அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். 11 பின்னல்கள் போட்டு முடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது.