பீதர்: ஆட்டோக்காரரும் காசிம் பரீதும்

முதலில் ஆட்டோ விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன். கர்நாடகத்தின் பீதர் பேருந்து நிலையத்திலிருந்து அஷ்டூர் கல்லறைகள், அங்கிருந்து ஊரின் மேற்குக் கோடியில் உள்ள, காசிம் பரீத் வம்சத்தாரின் பரீத் ஷாஹி கல்லறைகள்: மொத்தம் 350 ரூபாய் என்று பேசித்தான் நானும் தம்பியும் ஏறினோம். இறங்கும்போது 'வெயிட்டிங்' என்று சொல்லி 700 கேட்டார். கத்திப் பார்த்து 500-க்கு முடித்தோம். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அதோடு போச்சு.

சரி, அஷ்டூர். தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான் அகமது ஷா வலியின் கல்லறைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்து மேலே பாருங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. அவ்வளவு வண்ணம், அவ்வளவு தங்கப் பூச்சு! பக்கத்தில் இன்னொரு பாமினி சுல்தான் ஹுமாயூனின் (முகலாயர் அல்ல) கல்லறை இடி விழுந்து பாதி பிளந்து நிற்கிறது. கடைசி சுல்தான்களான வலியுல்லா, கலீமுல்லா ஆகியோருக்கோ சின்னஞ்சிறு கட்டடங்கள்தான். பாமினி அரசு தேய்ந்த கதைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பீதர் என்றால் எல்லாரும் பாமினி பிரதம மந்திரி மகமூத் கவானைத்தான் பேசுகிறார்கள். 1472-இல் அவர் கட்டிய மதரஸா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சுவாரசியமான ஆள் காசிம் பரீத். போலிக் கடிதம் ஒன்றை நம்பி 1481-இல் சுல்தான் மூன்றாம் முகமது ஷா, கவானின் தலையை வெட்டவைத்தார். மறுவருஷம் அந்த சுல்தானும் செத்தார். அரியணையில் 12 வயது மகமூத் ஷா. உள்ளூர்ப் பிரபுக்களான தக்கணிகளும் வெளிநாட்டிலிருந்து வந்த ஆஃபாக்கிகளும் அரண்மனைக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். துருக்கிய அடிமையாக வந்து கொத்தவாலாக (நகரக் காவல் தலைவராக) இருந்த காசிம், அந்தக் குழப்பத்தில் பிரதம மந்திரி ஆகிவிட்டார். பிஜாப்பூரும் அகமத்நகரும் பேராரும் 1490 வாக்கில் பாமினி அரசிலிருந்து கழன்றுகொண்டபோது, இவர் தனிநாடு தேடி எங்கேயும் போகவில்லை. தலைநகரும் சுல்தானும் தன் கையில் இருந்தால் போதும் என்று உட்கார்ந்துகொண்டார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஆள மிஞ்சியது என்னவோ பீதரும் சுற்றுவட்டாரமும்தான்.

1504-இல் அவர் இறந்ததும் மகன் அமீர் பரீத் அதே நாற்காலியில் அமர்ந்தார். 1518-இல் மகமூத் ஷா இறந்த பிறகு நான்கு பொம்மை சுல்தான்களை ஆட்டிவைத்தார். அமீருக்கு 'தக்காணத்து நரி' என்ற பட்டம் சும்மா வரவில்லை. காசிமின் பேரன் அலி பரீத்துக்குத்தான் 'ஷா' என்று போட்டுக்கொள்ளும் துணிச்சல் வந்தது. நாலு பக்கமும் திறந்த அவர் கல்லறையில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. வெயிலில் அலைந்தவர்களுக்குச் சொர்க்கம். கோட்டைக்குள் ரங்கீன் மகாலில் கருங்கல்லில் முத்துச்சிப்பி பதித்திருப்பதும் அவர் வேலையே. பூட்டியிருந்தால் அங்கிருக்கும் காவலாளியிடம் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நானக் ஜீரா குருத்வாரா. சூடான ரொட்டி, பருப்பு, கேட்கக் கேட்கப் போடுகிறார்கள், காசே கிடையாது. தம்பி ஐந்து ரொட்டி. ஆட்டோவில் விட்ட 150-ஐ அவன் ஒருத்தனே ஈடுகட்டிவிட்டான்.