போனஸ் வேறு, பரிசு வேறு

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. தீபாவளி போனஸைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல என்ன செய்யணும்?" என்று கேட்கிற முதலாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற இடத்தில், குறைந்தது 8.33 சதவீத போனஸ் என்பது சட்டம் தருகிற உரிமை. அதைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பரிசு என்றால் எதற்கு என்று தெரிய வேண்டும், சூட்டோடு சூடாகக் கைக்கு வர வேண்டும். நெல் காயவைக்கிற டிரையரைப் பார்த்துக்கொள்கிற எங்கள் அண்ணன் நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். குறுவை நெல் வந்து குவிந்த நேரம், மீட்டர் காட்டுவது சரியில்லை என்று நள்ளிரவில் ஓட்டத்தை நிறுத்தினார். ஒரு லோடு குருணையாகாமல் தப்பித்தது. மறுநாளே எல்லார் முன்னாலும் அதைச் சொன்னோம். "என்ன வேணும்ணே?" என்று கேட்டதற்கு, மகளின் பள்ளி விழாவுக்குப் போகச் சம்பளத்தோடு லீவு கேட்டார். கொடுத்தோம்.

'சிறந்த ஊழியர்' கேடயம் எனக்குப் பிடிக்காது. ஒருவர் வாங்க, மூட்டை தைக்கிற அக்காக்கள் முகம் வாடிப்போகும். லோடு ஏற்றுவது கூட்டு வேலை, அப்புறம் பரிசை மட்டும் ஏன் ஒருவருக்கே கொடுப்பது? சம்பா சீசனில் பரிசை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.