சுமைதாங்கிக் கல்லில் மைப்படி: ஒருவழியாக வருஷம் பிடிபட்டது

கல்லில் வெட்டியிருக்கிற தமிழ் வருஷப் பெயர் விளம்பிதான், விபவ இல்லை. மைப்படி என்றால் நனைத்த தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மேலே மை ஒற்றுவது; எழுத்துப் பள்ளத்தில் மை படாமல் வெள்ளையாக நிற்கும். இன்று காலை எடுத்த படியில் ‘வி’க்கு அடுத்த எழுத்தின் சுழி வெள்ளை வெளேரென்று விழுந்திருக்கிறது. அது ள. இனி சந்தேகத்துக்கே இடமில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் பழைய வண்டிப்பாதையோரம், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க நிற்கிற சுமைதாங்கியைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். ஊர்ப் பெயரை இன்னும் போடப்போவதில்லை. தனியாக நிற்கிற கல்லுக்கு விளம்பரம் ஆபத்து. இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக்கல், ஆள் நெஞ்சுயரம். எழுத்தெல்லாம் குறுக்குக்கல்லின் முகப்பில்தான். அதன்மேல் எத்தனையோ பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு. தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் சிம்பால் சுரண்டியதிலேயே பாதி நாள் போயிற்று. கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நூறு வருஷம் வெயிலும் மழையும் செய்யாததை அவர்கள் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவார்கள்.

இத்தனை பாடு எதற்கென்றால், ஆண்டைத் தமிழ் எண்ணில் வெட்டியிருக்கிறார்கள். முன்னால் ௧௮, கடைசியில் ௮, இது மூன்றும் தெளிவு. நடுவில் இருப்பது ௬ஆ, ௯ஆ? தேய்ந்த கல்லில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படியானால் 1868 அல்லது 1898. அறுபது வருஷப் பெயர் இருக்கிறதே, அதை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று போனால், 1868-69 விபவ, 1898-99 விளம்பி. இரண்டுக்கும் முதலெழுத்து ‘வி’! அந்த ‘வி’க்கும், வருஷம் என்பதற்குப் போடுகிற ௵ குறிக்கும் நடுவில்தான் கல் பொரிந்து கிடக்கிறது. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்த படங்களில்கூட இரண்டு எழுத்தா மூன்று எழுத்தா என்று சொல்ல முடியவில்லை. மாவு பூசிப் படம் எடுக்கச் சொன்னார்கள். பொரிந்த கல்லில் மாவு எல்லாப் பள்ளத்தையும் எழுத்தாக்கிக் காட்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆகவே மைப்படி. நனைப்பது, ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைப் படுத்தியெடுத்தது தட்டுகிற வேலை ஒன்றுதான். துணி துவைக்கிற பிளாஸ்டிக் பிரஷ் தாளைக் குத்திக் கிழிக்கும். ஷூ பிரஷ் தடவிக்கொடுக்குமே தவிர தாளைப் பள்ளத்துக்குள் இறக்காது. வேண்டியது அடர்த்தியான, நுனி மழுங்கிய, கெட்டி மயிர்ப் பிரஷ். அதையும் செங்குத்தாகவே தட்டவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் எழுத்தின் விளிம்பில் தாள் பிய்ந்துவிடும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். தாள் சரியாக உட்கார்ந்ததைக் காதே சொல்லும்: ‘சொத் சொத்’ என்ற ஈரச் சத்தம் போய் ‘டக் டக்’ என்று கல்லின் சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை மை டப்பாவைத் திறக்கவே கூடாது.

மையைப் பொறுத்தவரை எல்லாம் ஈரத்தின் கணக்கு. தாளில் ஈரம் கூடுதலாக இருந்தால் மை ஊறிக் கல்லிலேயே இறங்கிவிடும். அதைவிடப் பெரிய பாவம் இந்த வேலையில் இல்லை. காய்ந்துவிட்டாலோ தாள் ஓரத்தில் எழும்பிக்கொள்ளும். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியவேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். இந்த ஊர் வெயிலில் ஒன்பது மணிக்குமேல் அந்தப் பதம் நிற்பதே இல்லை, அதனால் விடியற்காலையிலேயே போய்விடுகிறேன். மை ஒற்றுகிற துணிப்பொட்டலத்தை முதலில் பழைய செய்தித்தாளில் ஒற்றி, மிச்ச மை போனபிறகே கல்லுக்குக் கொண்டுபோகிறேன். இன்றைக்கு எல்லாம் கூடிவந்தது: ள, ம, பி, அதற்குப் பிறகு ௵. மூன்று எழுத்து. ம மேல் புள்ளி வைக்கவில்லை, அக்காலக் கல்லுக்கு அது சகஜம். மாதம் ஆவணி, ஆக 1898தான்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளூரில் மேப்லித்தோ என்று கொடுத்தது நனைத்ததுமே கூழாகிவிட்டது. சென்னை போனபோது பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இரண்டு மூன்று கடையில் துண்டு கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு மூலையை நனைத்து இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். சுருட்டித்தான் கொண்டுவரவேண்டும். மடித்தால் மடிப்பெல்லாம் எழுத்துபோல மை வாங்கும்.

மாடு ஓட்டிவந்த ஆத்தா ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நெறமாசக்காரிக்கு வச்ச கல்லு தம்பி. வயித்துப் புள்ளயோட போயிட்டா பாவம். அவ சுமையத்தான் வர்றவன் போறவன் எல்லாம் எறக்கி வைக்கிறான்” என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. கீழ்வரியில் ‘அம்மாள் உபயம்’ என்பது மட்டும் படிக்க முடிகிறது. அதற்கு முன்னால் இருக்கிற பெயர் இன்னும் சுண்ணாம்புக்குள் இருக்கிறது. யாரோ ஒரு தாயோ மாமியாரோ கல்தச்சனிடம் காசு கொடுத்து வெட்டச் சொன்ன பெயர், அது வெளியே வந்தே ஆகவேண்டும்.

இதற்குள் மனசு வடக்கே ஓடுகிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அதியமான் பெருவழிக் கல் இருக்கிறது: நாவல்தாவளம் என்ற இடத்துக்கு இத்தனை காதம் என்று தமிழ் எண்ணிலும் வெட்டி, எழுத்தறியாதவரும் தொட்டு எண்ணிக்கொள்ளக் குழிகளும் போட்ட கல். அதில் படியெடுக்க முடியாது, கண்ணாலாவது பார்த்துவிட வேண்டும். அப்படியே செங்கம் பக்கம் எடுத்தனூர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு நடுகல். எருமை காத்துச் செத்த கருந்தேவக்கத்தியோடு, கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிச் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்கே பெயர் நின்றிருக்கிற நாட்டில் இந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு நிற்காமல் போகலாமா?

அந்தப் பயணமெல்லாம் பிறகு. பாதையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டுவிட்டார்கள், சுமைதாங்கி அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வருகிறது. அடுத்து கீழ்வரிச் சுண்ணாம்பை ஊறவைக்கிறேன். பெயர் கிடைத்ததும் இரண்டு படியையும் இணைத்து, கல்லைப் பத்தடி தள்ளி நட்டுத்தரச் சொல்லிக் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போகிறேன். இப்படி மனு கொடுத்துக் கல்லைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.