மீசோதெலியோமா காசு

2009இல் சிங்காநல்லூரில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு மீசோதெலியோமா பற்றி ஆங்கிலத்தில் நாற்பது கட்டுரை எழுதினேன். எழுதினேன் என்பதே பொய். இலவசமாகக் கிடைத்த கட்டுரைகளில் வார்த்தைகளை மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். அது கல்நார் தூசியால் வரும் புற்றுநோய் என்பது பத்தாவது கட்டுரை வாக்கில்தான் மண்டையில் ஏறியது. அந்த ஒரு வார்த்தையை ஒட்டி வரும் விளம்பரத்துக்கு அமெரிக்க வக்கீல்கள் கிளிக்குக்குப் பல டாலர் கொட்டுகிறார்கள் என்பது மட்டும் முதல் நாளே தெரியும்.

இப்படிப்பட்ட தளங்களுக்கு அப்போது எம்.எஃப்.ஏ. என்று பெயர், அதாவது ‘மேட் ஃபார் ஆட்சென்ஸ்’. ஆட்சென்ஸ் என்பது பிறர் தளங்களில் விளம்பரம் போட்டு, வரும் காசில் பங்கு கொடுக்கும் கூகுளின் திட்டம். அதற்காகவே செய்த தளம் என்று அர்த்தம். மெனு எது, விளம்பரம் எது என்று தெரியாதபடி இரண்டையும் ஒரே நீலத்தில் வைப்பதுதான் தொழில் ரகசியம். வந்தவருக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. வெளியே போக விளம்பரம்தான் வாசல்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் அதே கிளிக்குக்குச் சில்லறைதான் வந்தது. என்னை யாரும் துரத்தவில்லை, விலையைத்தான் குறைத்தார்கள். கூகுள் 2004இலேயே ஸ்மார்ட் பிரைசிங் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஒரு தளத்திலிருந்து வரும் கிளிக்குகள் வியாபாரமாக மாறாது என்று கணக்கு காட்டினால், விளம்பரதாரரிடம் வாங்கும் தொகை தானாக இறங்கும். சொத்தைக் கத்தரிக்காயைக் கூடையிலிருந்து எடுக்காமல் விலையை மட்டும் குறைத்து விற்கிற மாதிரி. ஒவ்வொரு கிளிக்கிலும் விளம்பரத்தைக் கொண்டுவந்து போடும் நெட்வொர்க்குக்கும், அதாவது கூகுளுக்கும், பங்கு உண்டே! 2010இல் கூகுள் வெளியிட்ட கணக்குப்படி தளக்காரருக்கு 68 சதவீதம், மீதி அவர்களுக்கு.

கடைசியில் எங்களைத் துடைத்துப் போட்டது தேடல் பக்கம்தான். 2011 பிப்ரவரியில் பாண்டா வந்தது, சரக்கில்லாத தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளும் கூகுளின் மாற்றம். அமெரிக்காவில் சுமார் 12 சதவீதத் தேடல்களின் முடிவுகள் மாறின. என் நாற்பது கட்டுரையும் போன இடம் தெரியவில்லை. நியாயம்தான்.

இப்போது நான் எதிர்ப்பக்கம். போன வருடம் மாமாவின் கிரைண்டர் கடைக்கு இணைய விளம்பரம் போட்டுக்கொடுத்தேன். ஓட்டல்களுக்கான டில்டிங் கிரைண்டர். ஒரு மாதத்தில் 18,000 ரூபாய் போனது, விசாரித்து வந்த போன் நாலு. விளம்பரம் எங்கெங்கே தெரிந்தது என்ற பட்டியலைத் திறந்தேன். ‘இந்த நடிகை இப்போது எப்படி இருக்கிறார்’ என்று முப்பது பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், படத்தைச் சுற்றி ஏழு விளம்பரம், அதுவும் சில நொடிக்கொரு முறை மாறிக்கொண்டே. என் பழைய தொழில், புதுச் சட்டையில்.

ஒரு வித்தியாசம் உண்டு. நாங்கள் தேடலிலிருந்து ஓசியில் ஆள் பிடித்தோம். இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டு ரூபாய்க்கு ஒருவரை உள்ளே இழுத்து, அவர் முன்னால் மூன்று ரூபாய்க்கு விளம்பரம் காட்டினால் லாபம். 2023இல் அமெரிக்காவின் ஏஎன்ஏ என்ற விளம்பரதாரர் சங்கம் ஆராய்ந்தபோது, அவர்கள் பார்த்த விளம்பரச் செலவில் 15 சதவீதம் இப்படிப்பட்ட தளங்களுக்குப் போயிருந்தது. விளம்பரம் கண்ணில் பட்டதா என்று அளக்கும் கோலில் இந்தத் தளங்கள் நல்ல மதிப்பெண் வாங்கின என்பதுதான் வேடிக்கை. திரை முழுக்க விளம்பரமாக இருந்தால் கண்ணில் படாமல் எங்கே போகும்? அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பல நெட்வொர்க்குகள் இவற்றைத் தனிப் பட்டியலாக்கித் தடுக்கத் தொடங்கின.

நான் கையாலேயே தடுத்தேன், 214 தளங்கள். அடுத்த வாரம் வேறு பெயரில் இன்னும் முப்பது.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் மாப்ள, திறந்து கூடப் பார்க்காம பேரை வெச்சே எப்படிக் கண்டுபிடிக்கற?”

“பழக்கம் மாமா” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை டிக் அடித்தேன்.