கவட்டை வலி: 'ஹெர்னியா இல்லை' என்று அனுப்பிவிட்டால் போதுமா?

கபடி, ஃபுட்பால் ஆடுகிற தம்பிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் கவட்டை வலிக்கு வேறு காரணம் இருக்கும். அதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

கபடியில் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினால் எனக்கு வலது கவட்டை சுரீர் என்று இழுக்கும். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் சீட்டில் 'ஹெர்னியா' (குடலிறக்கம்) என்று எழுதிக் கேள்விக்குறி போட்டார். இழுப்பது இன்னும் கீழே, தொடைப் பக்கம் என்று ஸ்கேன் சென்டரில் கையை வைத்தே காட்டினேன். "சீட்டில் இருப்பதைத்தான் எடுப்போம்" என்று முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட் நார்மல், வலி மாத்திரை, ரெஸ்ட். ரெஸ்டில் வலி போகும், கபடி விரிப்பில் இறங்கினால் திரும்ப வரும். மாவட்டப் போட்டியே கைவிட்டுப் போனது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பிசியோ (பிசியோதெரபிஸ்ட்). மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே முஷ்டியை வைத்து "நெருக்குப்பா" என்றார். நெருக்கியதும் அதே வலி. தொடையின் உள்தசை இடுப்பெலும்பில் சேருமிடத்தை விரலால் அழுத்தினார், துள்ளிவிட்டேன். அந்தத் தசைக்குப் பெயர் அடக்டர் லாங்கஸ். ஆட்டக்காரர்களுக்குக் கவட்டையில் அதிகம் அடிபடும் தசை அதுதான்.

நாள்பட்ட வலிக்கு ரெஸ்ட் மட்டும் உதவாது, தசையைப் பலப்படுத்த வேண்டும் என்றார். டென்மார்க்கில் 68 வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. பயிற்சி செய்த பிரிவில் 23 பேர் வலியில்லாமல் பழையபடி ஆடப் போனார்கள். மசாஜ், லேசர், கரண்ட் வைத்த பிரிவில் 4 பேர்தான். அந்தப் பயிற்சியே 8 முதல் 12 வாரம், அவசரப்படக் கூடாது.

தொடக்கத்தில் பாதங்களுக்கு நடுவே பந்தை வைத்து 30 விநாடி நெருக்குவது, அப்படிப் பத்து முறை. பக்கவாட்டில் படுத்து, மேல்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள இடுப்பைத் தூக்கும் கோபன்ஹேகன் பயிற்சி அப்புறம்தான். நெருக்கும்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நீங்களே மார்க் போடுங்கள். 2 வரை ஆடலாம்; 3 முதல் 5 என்றால் ஆட்டத்தைக் குறைக்கணும்; 6 வந்தால் நிறுத்தி, பிசியோவிடம் போங்கள்.

விதையில் திடீர் வலி என்றால் இதெல்லாம் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குக் காலை ஊன்றினாலே கவட்டை வலித்தால் தொடையெலும்பின் கழுத்தில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஸ்கேனுக்குச் சீட்டு வாங்கும்போது எந்தப் பக்கம், எந்தத் தசை என்று டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் அங்கே யாரும் கேட்பதில்லை.