ரை வேறு, ரைகிராஸ் வேறு

அமெரிக்காவின் மிச்சிகனில், மான் வேட்டைக்குப் போனால் தங்குவதற்கு நானும் மச்சானும் ஒரு சின்ன மரக் கேபின் கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு சுவரை எழுப்பிவிட்டு, மூன்றாவது சுவருக்கு மரச்சட்டம் அடித்து வைத்துவிட்டு வந்திருந்தோம். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், கதவு வரவேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறக் காகிதம் ஒன்று ஸ்டேபிள் அடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலையை உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு.

என் மச்சான் அதை இரண்டு தடவை படித்தான். "அத்தான், நாம 200 சதுர அடிக்குள்ளதான கட்டுறோம்?" என்றான்.

ஆமாம், அதற்குள்தான். 12க்கு 16, மொத்தம் 192 சதுர அடி. மிச்சிகனில் 200 சதுர அடிக்குக் கீழே பெர்மிட் வேண்டாம் என்று வேட்டைக்குப் போகும் மூன்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் சொல்லிவிட்டார்களே என்று பெர்மிட் ஆஃபீஸில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன். திங்கட்கிழமை போன் போட்டபோது விவரம் தெரிந்தது. அந்தச் சலுகை சாமான் வைக்கும் ஷெட்டுக்கு மட்டும்தான். உள்ளே கட்டில் போட்டுப் படுத்தால் அது வீடு, வீட்டுக்குரிய விதி அத்தனையும் பொருந்தும். மரக்கட்டைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்களுக்கு ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நிலம் வாங்கியதில் பெரிய சிக்கல் இல்லை. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வடக்கே மூன்று மணி நேரம், 20 ஏக்கர், பாதி பைன் மரம், பாதி தரிசு, ரோட்டு முகப்பு உண்டு. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். விற்பவர் காட்டும் வரி ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 1994-இல் வந்த மிச்சிகன் சட்டத் திருத்தப்படி, ஒரே ஆள் கையில் நிலம் இருக்கும்வரைதான் வரி மதிப்பின் ஏற்றத்துக்கு உச்சவரம்பு. கை மாறினால் அடுத்த வருடமே அந்த வரம்பு போய்விடும். குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் விலக்கும் இதற்குக் கிடையாது. எங்கள் இரண்டாம் வருட ரசீதைப் பார்த்து என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வேற யாரோட பில்லாவது மாறி வந்துடுச்சா?"

பெர்மிட்டுக்கு வருகிறேன். கட்டட பெர்மிட் தருவது கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம். ஆனால் டவுன்ஷிப்பின், அதாவது உள்ளூர் நிர்வாகத்தின், ஜோனிங் ஒப்புதல் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற அனுமதி) கையில் இருந்தால்தான் கவுண்டி விண்ணப்பத்தையே வாங்கும். இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு கவுண்டி ஆஃபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஃபைலைத் திறக்கவே இல்லை. டவுன்ஷிப் கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து டவுன்ஷிப் ஹாலுக்கு ஓடினால் கதவு பூட்டியிருக்கிறது. ஜோனிங் பார்ப்பவர் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும்தான் வருவார் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். கவுண்டியிலிருந்தே ஒரு போன் போட்டு அதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிராமப்புற ஆஃபீஸுக்குக் கிளம்பும் முன் ஆள் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது ஜோனிங்காரர் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினார். சாதாரண வீடென்றால் அந்த டவுன்ஷிப்பில் குறைந்தபட்சப் பரப்பளவு என்று ஒன்று உண்டு, எங்கள் கேபின் அதன் பக்கத்தில்கூட வராது. வேட்டைக் கேபின் என்று தனி வகை இருப்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் செப்டிக் தேவையில்லை, சுகாதாரத் துறை பெர்மிட்டோடு வெளிக் கழிப்பறை போதும் என்றும் சொன்னார். அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சில் எங்களுக்குப் பல ஆயிரம் டாலர் மிச்சம். இது எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி இருக்காது, உங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டியதைப் பிரித்தோம். நாங்கள் கான்கிரீட் பிளாக்கைத் தரைமேலேயே அடுக்கி அதன்மேல் எழுப்பியிருந்தோம். இங்கே அஸ்திவாரம் 42 அங்குலம் இறங்க வேண்டும். மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்து மேல்நோக்கித் தள்ளும்போது, ஆழமில்லாத கட்டடத்தின் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், கதவு மூடாது. தோண்டும் முன் கேட்க வேண்டிய 811 எண்ணுக்கு போன் போட்டு, பூமிக்கடியில் வயர் இல்லை என்று உறுதியான பிறகு, வாடகைக்கு எடுத்த மெஷினால் ஒன்பது குழி போட்டோம். ஏழாவது குழியில் பைன் வேர் சிக்கி மெஷின் எங்கள் இரண்டு பேரையும் சுழற்றிவிட்டது. மச்சானின் மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு குழியிலும் டேப்பை இறக்கி அளந்தார். கடைசிக் குழியில் 43 என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்த களைப்பே தெரியவில்லை. அதற்குமேல் சுவர், தகரக் கூரை, விறகு அடுப்பு எல்லாம் முறையாக முடிந்தன. ஒட்டுப்பலகையை மட்டும் ராத்திரி வெளியில் போட்டுவிட்டு வராதீர்கள். முள்ளம்பன்றிக்கு அதன் பசை என்றால் உயிர், ஓரம் முழுக்கக் கரம்பிவிடும்.

இனி மானுக்குப் பயிர் போட்ட கதை. ஃபுட் பிளாட்டுக்கு, அதாவது மான் மேய வரட்டும் என்று விதைக்கும் வயலுக்கு, அரை ஏக்கர் ஒதுக்கினோம். மண் டெஸ்டில் பிஎச் 5.2 வந்தது, புளிப்பு அதிகம். ஏக்கருக்கு 2 டன் சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். அரை ஏக்கருக்கு 40 பவுண்டு மூட்டை ஐம்பது. அதைச் சுமந்து தூவினோம், அதில் வருத்தமில்லை. அது மண்ணில் வேலை செய்யவே மாதக்கணக்காகும் என்பதால், விதைப்பதற்கு ஆறு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

வருத்தமெல்லாம் விதையில்தான். ரை வேண்டும் என்று கடையில் கேட்டேன். எடுத்துக் கொடுத்த 50 பவுண்டு மூட்டையில் 'ரைகிராஸ்' என்று அச்சடித்திருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டதற்கு, ஆமாம் என்று தலையாட்டினார் அந்தப் பையன். ஒன்றில்லை. ரை என்பது தானியம். செப்டம்பர் குளிரிலும் முளைத்து, பனிக்கடியில் பச்சையாக நிற்கும், மான் காலால் பனியைக் கிளறித் தின்னும். ரைகிராஸ் புல்வெளிக்குப் போடும் புல். எங்கள் அரை ஏக்கர் கால்பந்து மைதானம் மாதிரி அடர்ந்து நின்றது. மான்கள் அதன் வழியாக நடந்து பக்கத்துக்காரரின் சோயா வயலுக்குப் போவதை டிரெயில் கேமராவில் (மிருகம் நடமாடினால் தானே படமெடுக்கும் கேமரா) மாதம் முழுக்கப் பார்த்தோம். அது அடுத்த வருடமும் முளைத்து வந்ததுதான் இன்னும் கொடுமை.

பார்க்கப் பொறுக்காமல் நண்பர் ஒருவர் இரண்டு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டிவைக்கலாம் என்றார். செய்யவே செய்யாதீர்கள். மான்களுக்குள் பரவும் நோயைக் கருதி 2019 முதல், எங்கள் நிலம் இருக்கும் மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் இரை போடுவதற்குத் தடை இருக்கிறது. விளைந்து நிற்கும் பயிர் சட்டப்படி சரி, கொண்டுவந்து கொட்டிய தானியம் குற்றம்.

இரண்டாம் வருடம் புல்லைக் கொன்று, ஜூலைக் கடைசியில் டர்னிப்பும் முள்ளங்கியும் விதைத்தோம். காலண்டரைப் பார்த்தால் ஆடி பதினைந்து. ஆடிப்பட்டம் தேடி விதை என்று கோவில்பட்டியில் தாத்தா சொல்லிக்கொண்டிருப்பார். அவர் காத்திருந்தது வானத்து மழைக்கு, நாங்கள் அவசரப்பட்டது அக்டோபர் உறைபனிக்கு முன் இலை விரிய வேண்டும் என்று. இருந்தாலும் தூவும்போது அவர் குரல்தான் காதில் கேட்டது. கூடவே விதைத்த க்ளோவர் என்ற தீவனப் பயிர் மட்டும் ஏமாற்றியது. கடுகைவிடச் சின்ன விதை அது, கால் அங்குலத்துக்குமேல் மண் மூடினால் எழும்பாது. நான் மண்ணைக் கிளறும் டில்லர் மெஷினை விட்டுப் புதைத்துவிட்டேன். மேலே தூவிக் காலால் மிதித்துவிட்டாலே போதுமாம்.

வயலுக்கு நடுவே கம்பி வலையை மூன்றடி வட்டமாகச் சுற்றி நட்டுவைத்திருந்தோம். மான் வாய் வைக்க முடியாத இடம் அது. நவம்பர் 14, துப்பாக்கி வேட்டை சீசனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தோம். வலைக்குள் டர்னிப் இலை முழங்கால் உயரம். வலைக்கு வெளியே தரையோடு தரையாகக் காம்பு மட்டும், ஒவ்வொன்றின் நுனியும் மான் கிழித்த பிசிறோடு. மச்சான் குனிந்து வலையின் ஓரத்தைக் காட்டினான். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து, எட்டிய மட்டும் தின்றிருந்தது.

க்ளோவரை இந்த மார்ச்சில், ராத்திரி உறைந்து பகலில் இளகும் மண்ணில் தூவப்போகிறோம். உறைந்து இளகும் மண்ணே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். விதையில் கலக்கும் பாக்டீரியாத் தூள் ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாதென்று மேலே பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.